ஏழு வண்டியில் கழற்றிய ஃபில்டர்

நமசிவாயம் கூலியில் பாதியை வெட்டுவார். பலவேசம் வேலையில் பாதியை வெட்டுவான். ஒருவர் வெட்டு வெளியில் தெரியும், இன்னொருவன் வெட்டு இன்ஜினுக்குள்ளே இருக்கும். அதனால் இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு காப்பி குடித்துவிட்டுப் பிரிவார்கள். இருபது வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது.

டிராக்டர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழசைச் சாக்கில் பரப்பி உடையவர் கண்ணில் காட்டவேண்டும். மெக்கானிக்கின் வார்த்தையை நம்புகிற ஊர் இல்லை இது. பலவேசம் அந்த வழக்கத்துக்கும் வழி வைத்திருந்தான். தென்காசியில், ஆயிரப்பேரிக்குத் திரும்பும் ரோட்டோரம் இருக்கிற அவன் பட்டறையில், ஒரு பெயின்ட் டப்பா நிறையப் பழைய சாமான் கிடக்கும். அதில் ஒரு டீசல் ஃபில்டர். தகரக்கூட்டின் இடுப்பில் ஒரு நெளிசல். கரி அப்பி, சீழ் பிடித்த மாதிரி ஒழுகி, பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். எந்த வண்டியில் பிறந்ததோ தெரியாது. அதற்குப் பிறகு ஏழு வண்டியிலிருந்து கழற்றப்பட்டாயிற்று. உடையவர் பார்த்து, "இதை வச்சுக்கிட்டா ஓடிச்சு!" என்று மூக்கைச் சுளிப்பார். பலவேசம் அதைச் சாக்கோடு சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

ஏழாவது வண்டி, குற்றாலத்துக்கு இப்பால் நமசிவாயத்தின் தென்னந்தோப்பில் நின்ற குட்டி டிராக்டர். அங்கேதான் அந்த ஃபில்டர் திரும்பி வரவில்லை. சாக்கைச் சுருட்டப் போனபோது டிரைவர் சுப்பு அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "இது இங்கனயே கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றான். என்ன சொல்லித் திருப்பிக் கேட்பது? பலவேசம் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

எட்டாம் நாள் சுப்பு செத்துப்போனான்.

தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு ஓடைக்கரை ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜின் நின்றது. சாரலில் ஊறிய செம்மண். பிரேக் பிடித்தும் டயர் நிற்கவில்லை. பின்னால் உருண்டதில் டிரெய்லர் குறுக்கே மடங்கியது, சுப்பு இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டான். வண்டியைச் சோதிக்க வந்தவர் சாவியைப் போட்டார். உடனே ஸ்டார்ட் ஆயிற்று. நின்ற நிலையில் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், ஒரு பிசிறில்லை. வண்டியில் குறையில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கட்டிலில் படுத்திருக்கும்போது காசநோய்க்காரனும் நன்றாகத்தான் மூச்சு விடுவான். மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் தெரியும். இது பலவேசத்துக்குத் தெரியும். அவன் சுப்புவின் துட்டி வீட்டில் பின்வரிசையில் நின்றுவிட்டு, பட்டறையைத் திறக்கப் போய்விட்டான்.

வண்டியில் குறையில்லை என்றால் குறை ஓட்டியவனிடம்தானே இருக்கவேண்டும். டூல்பாக்ஸில் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்ததை நமசிவாயம் கண்டுபிடித்தார். அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து சுப்பு, குடித்துவிட்டு ஓட்டிச் செத்தவன். குடித்துச் செத்தவன் குடும்பத்துக்குத் தோப்பு வீட்டைக் கொடுத்து வைத்தால் அடுத்த டிரைவருக்கும் குடிக்கத் தைரியம் வந்துவிடும் என்றார் நமசிவாயம். ஆவணி பிறக்கும் முன் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று சுப்புவின் பெண்டாட்டி உலகம்மையிடம் சொல்லிவிட்டார். ஆடியில் மீதி ஐந்து நாள் இருந்தது.

அந்தப் பாட்டிலில் இருந்தது இன்ஜின் ஆயில். ஊற்றிக் கொடுத்தவனே பலவேசம்தான்.

இந்த நிலைமையில்தான் நமசிவாயத்தின் போன் வந்தது.

"பலவேசம், நாளைக்கு விடிஞ்சதும் தோப்புக்கு வந்திரு. பதினோரு மணிக்கு வாசுதேவநல்லூர்ல இருந்து பார்ட்டி வாரான், வண்டியை வாங்க. பாரம் போட்டு ஓட்டிப் பாக்கணும்ங்கான். ஏத்தத்துல போட்டா இருமுதுங்கான் நம்ம புது டிரைவர்."

"ரெண்டு ஃபில்டரும் போன மாசந்தான மாத்துனோம் ஐயா."

"மாத்துனது ஏம்டே இருமுது?"

"…வந்து பாக்குதேன்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் போகாவிட்டால் இன்னொரு மெக்கானிக் போவான். இன்னொருவன் கை அந்த இடத்துக்குப் போவதற்குள் தன் கை போய்விடவேண்டும். கழற்றி, மடியில் கட்டி, புதுசைப் போட்டுவிட்டால் வண்டி வாசுதேவநல்லூருக்குப் போய்விடும். சங்கதியும் அதோடு போய்விடும். பலவேசம் புது ஃபில்டரை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே தோப்பில் நின்றான்.

இந்தக் குட்டி வண்டியில் இரண்டு ஃபில்டர். ஒன்று மேலே, கண்ணாடிக் கிண்ணத்துக்குள், கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். மற்றது கீழே, இன்ஜினுக்கும் டேங்கைத் தாங்குகிற சட்டத்துக்கும் நடுவில், ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் ஒளிந்திருக்கும். அந்த இடத்தை வரைந்த மகராசனுக்குக் கையே கிடையாதோ, இல்லை பூனைக்குட்டிக் கையோ தெரியாது. முறையாகக் கழற்றவேண்டுமென்றால் பேட்டரியை எடுத்து, கால்வைக்கிற தகட்டை எடுத்து, டேங்க் பட்டையைத் தளர்த்தி, அரைநாள் மல்லுக்கட்டவேண்டும். போன மாசம் பலவேசம் அரைநாள் கூலிதான் கேட்டான். நமசிவாயம் அதில் பாதி சொன்னார். பலவேசம் "சரி ஐயா" என்றான். மேல் ஃபில்டரை மட்டும் மாற்றினான். கீழ் ஃபில்டருக்குப் பதிலாக டப்பாவிலிருந்து நெளிசல் ஃபில்டரைச் சாக்கில் வைத்தான்.

இப்போது பேட்டரியை எடுத்தாயிற்று. தகட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தன. ஒன்று முறிந்தது, ஒன்று வழுக்கியது. மலைமேல் மேகம் இறங்கி, சாரல் ஓலையில் பட்டுப் பட்டுச் சொட்டியது. ஒன்பதரை ஆயிற்று. தகட்டை விட்டுவிட்டு, சந்து வழியாகவே கையை நுழைத்துப் பார்த்தான். மணிக்கட்டு வரை போயிற்று. அதற்குமேல் விரல் முட்டிகள் சட்டத்தில் இடித்தன. தோல் உரிந்தது. விரல்நுனிக்கு ஃபில்டர் தட்டுப்பட்டது. பிடிக்கத்தான் முடியவில்லை.

"கை போவலையோ அண்ணாச்சி."

உலகம்மை தொழுவத்திலிருந்து வந்து நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஈர்க்குச்சி உடம்பு. சாணிக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போவும்மா. நீ அங்கிட்டு இரு, டீசல் தெறிக்கும்."

"மணி பத்தாவப் போவுது. என் கை போவும்."

"வேண்டாம். ஒனக்கு எதுக்கு?"

"போன மாசம் எந்தக் கை போச்சு அண்ணாச்சி, இப்பம் போவாம நிக்கதுக்கு?"

பலவேசத்தின் கை சந்துக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கவும் தோன்றவில்லை, உள்ளே வைத்திருக்கவும் தோன்றவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவன் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு நகர்ந்தான்.

அவள் டயர்மேல் காலை ஊன்றி, தலையைச் சாய்த்து, சந்துக்குள் கையை விட்டாள். முழங்கை வரை தடங்கலில்லாமல் போயிற்று.

"வளையல் கிடந்தா மாட்டிருக்கும்," என்றாள்.

பலவேசம் தரையைப் பார்த்தான். பிறகு டேங்கிலிருந்து டீசல் வராமல் டேப்பை மூடினான். தொழில் நாக்கில் தானாக வந்தது. "ஒரு ரப்பர் டியூப் தட்டுப்படும். அதைப் பிடிச்சுக்கிட்டே கீழ போ. முடியுத இடத்துல ஒரு கம்பிக் கிளிப், ரெண்டு காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்."

"இருக்கு."

"காது ரெண்டையும் சேத்து நசுக்கி மேல தள்ளு. இழுக்கக் கூடாது. பிறவு டியூபை அசைச்சு அசைச்சு உருவு. அடியிலயும் அதே மாதிரி ஒண்ணு."

டீசல் அவள் கை வழியாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பலவேசம் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

ஃபில்டர் வெளியே வந்தது.

கம்பெனியில் கிளிப்பையும் கூட்டையும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். கிளிப் டியூபோடு நின்றுவிட்டது. கூட்டில் பாதிக் கோடு புதுசு மாதிரி நின்றது. ஒருதரமாவது மாற்றியிருந்தால் அந்தக் கோடே இருந்திருக்காது. அவள் அதைக் கவிழ்த்தாள். டீசல் சொட்டவில்லை. கருப்பாக, அல்வா பதத்தில் ஒரு சேறு மெல்ல எட்டிப்பார்த்து நின்றது. நமசிவாயம் பங்க்கில் டீசல் வாங்குகிறவர் இல்லை. புளியறையில் லாரிக்காரர்கள் டேங்கிலிருந்து உறிஞ்சிக் கேனில் கொடுப்பதை மலிவாக வாங்கி வைப்பார். அந்த மலிவெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது.

பலவேசம் கையை நீட்டினான். "கொடும்மா."

அவள் கொடுக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து, அதில் இருந்ததைச் சாக்கில் வைத்தாள். நெளிசல் ஃபில்டர். அதற்குப் பக்கத்தில் இப்போது எடுத்ததை வைத்தாள். நெளிசல் ஒரு விரல்கடை நீளம் அதிகம். வாயும் பெரிசு. இந்தச் சந்துக்குள் அது நுழைந்திருக்கவே முடியாது. குருடன் தடவினாலும் சொல்லிவிடுவான்.

"அவிய அன்னைக்கே பாத்துட்டாவ," என்றாள். "சாப்பிடும்போது சொன்னாவ. இது நம்ம வண்டியோடது இல்ல, பலவேசம் அண்ணாச்சி கீழ கையே வைக்கலன்னு. மொதலாளிகிட்ட சொல்லுங்கன்னேன். அதுக்கு அவிய, பாவம், மொதலாளி கூலிய அறுத்தா அண்ணாச்சி என்ன செய்வாரு, சொன்னா பெறவு அவர ஒருத்தனும் கூப்பிட மாட்டான், நானே தனியாப் பாத்துச் சொல்லுதேன், வந்து மாத்திக் கொடுத்துருவாருன்னாவ. இத எதுக்கு வச்சிருக்கியன்னு கேட்டேன். அடுத்த வண்டில காட்டாம இருக்கட்டும்னு சிரிச்சாவ."

சாரல் நின்றிருந்தது. ஓலையில் மிச்சம் இருந்த தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

பலவேசம் சாக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நீ யாருகிட்டயும் சொல்லலியா?" என்றான்.

"நான் சொன்னா குடிகாரன் பொண்டாட்டி பேச்சு. நீங்க சொன்னா மெக்கானிக் பேச்சு. நீங்க இதத் திறக்கும்போது பக்கத்துல நிக்கணும்னு இருந்தேன்."

புது ஃபில்டரையும் அவள்தான் போட்டாள். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று மட்டும் அவன் சொன்னான். டேப்பைத் திறந்து, திருகைத் தளர்த்தி, கைபம்பை அழுத்தி அழுத்திக் காற்றை எடுத்தான். நுரை நுரையாக வந்தது. கடைசியில் சுத்தமான டீசல் குமிழியில்லாமல் வழிந்தது. திருகை முறுக்கி, பேட்டரியைத் திரும்ப மாட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், முழு ரேஸிலும் மூச்சு வாங்கவில்லை. போன மாசம் அரைநாள் செலவழித்திருந்தால் வந்திருக்கவேண்டிய சத்தம் அது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. நமசிவாயத்தோடு இறங்கிய வாசுதேவநல்லூர்க்காரன் விஜயசங்கருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தான், டயரை உதைத்தான், விவரமான ஆள் என்று காட்டுவதற்காக மறுபடியும் உதைத்தான்.

"என்னண்ணே மாத்துனிய? பழசைக் காட்டுங்க," என்றான்.

வழக்கம் எல்லா ஊருக்கும் வழக்கம்தானே. உலகம்மை சாக்கை இழுத்து அவன் காலடியில் விட்டாள்.

"ரெண்டு கிடக்கு?" என்றான் விஜயசங்கர்.

நமசிவாயம் குனிந்தார். நெளிசலைப் பார்த்தார், போன மாசம் மூக்கைச் சுளித்துப் பார்த்த அதே நெளிசல். மற்றதைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார். வண்டியோடு வந்த புத்தகத்தைக்கூட வாசிக்காதவர்தான். ஆனால் எதிரே நிற்பவன் முகத்தை வாசிக்கத் தெரிந்தவர். பலவேசத்தின் முகத்தை ஒரு நொடி வாசித்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு," என்றார் நிதானமாக. "இந்த வண்டிக்கு ரெண்டு ஃபில்டர் தம்பி. அப்பிடித்தானடே பலவேசம்?"

உலகம்மை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா ஐயா," என்றான் பலவேசம்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவ்வளவுதான். விஜயசங்கர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து கியரைத் தொட்டுப் பார்த்தான்.

"ஒன் கூலி எவ்வளவுடே?" என்று நமசிவாயம் பையிலிருந்து மணிபர்ஸை எடுத்தார்.

எப்படியும் பாதியாகும் என்ற பழக்கத்தில் பலவேசம் இரண்டு மடங்கைச் சொன்னான். நமசிவாயம் எச்சில் தொட்டு எண்ணினார், முழுசையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

கறிவேப்பிலைக் கொசுறுக்குக் கால் மணி நேரம் நிற்கிற மனிதர். மகள் கல்யாணத்தில் நாயனக்காரனிடம் தாலி கட்டி முடித்த பிறகும் பேரம் பேசியவர். அவர் ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை. கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவன் சாமானை மலிவாக வாங்கிவிட்டான் என்று அர்த்தம். பலவேசத்துக்கு அது தெரியாமல் போகுமா? மடங்கின கையை அவன் பார்த்தான். அதற்குள் இருப்பது ஃபில்டர் மாற்றின கூலி இல்லை.

"இது கூலி இல்ல ஐயா," என்றான். பணத்தை பானட்டின்மேல் வைத்தான்.

"என்னது?"

"தம்பி, கொஞ்சம் இறங்குங்க," என்றான் விஜயசங்கரிடம். "இந்தச் சின்னது இன்னைக்குத்தான் கழட்டினது. கம்பெனில மாட்டுனதுல இருந்து ஒருத்தனும் கை வைக்கல. அந்த நெளிசல் இந்த வண்டில இருந்ததே கிடையாது. நான் மாத்தாம, மாத்துனதாக் காட்டதுக்குக் கொண்டாந்தது. அதனால ஏத்தத்துல டீசல் ஏறாம நின்னுதான் இதுல இருந்த டிரைவர் செத்தான். அவன் குடிக்கல. பாட்டில்ல இருந்தது ஆயிலு. அதயும் நாந்தான் கொடுத்தேன்."

விஜயசங்கர் சீட்டிலிருந்து எழுந்தான். "ஆள் செத்த வண்டியா? சொல்லவே இல்லிய?" என்று நமசிவாயத்தைப் பார்த்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் காரை நோக்கி நடந்தான். விலையைக் குறைக்கக்கூட அவன் நிற்கவில்லை.

கார் தோப்பைத் தாண்டும்வரை நமசிவாயம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலை உயர்த்தாமலேயே சொன்னார். "ஒன் கழுத்துல நீயே மாட்டிக்கிட்ட. எனக்கென்னலே, ஏமாத்துனது நீ."

"ஆமா ஐயா. லாரி டீசல் வாங்கி ஊத்துனது நீங்க. கேட்டா அதயும் சொல்லுவேன்."

நமசிவாயம் பானட்டின்மேல் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வைத்தார்.

உலகம்மை இரண்டு ஃபில்டரையும் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டாள். "ஸ்டேஷன்லயும் இப்பிடியே சொல்லுவியளா?"

"சொல்லுதேன்."

"முதல்ல ஆமா ஐயான்னிய."

பலவேசம் தன் மொபெட்டைக் கிளப்பி, பின்சீட்டை உள்ளங்கையால் துடைத்தான். "ஏறும்மா. மூணு கிலோமீட்டர் இருக்கு."

அவள் மொபெட்டைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், பிரேக் கம்பியைப் பார்த்தாள்.

"இதுவும் நீங்க வேலை பாத்த வண்டிதான?" என்றாள்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பலவேசம் இன்ஜினை அணைத்தான். பின்னால் டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இருமல் இல்லாமல். யாரும் அதை அணைக்கவில்லை. அவன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, நாலடி பின்தங்கி, அவள் நடந்த வேகத்துக்கே நடந்தான்.